கண்டோன்மெண்ட் பஜார்: அஞ்சலட்டை, வரைபடம், கிரயப் பத்திரம் மூன்றையும் ஒரே இடத்தில் பொருத்துவது எப்படி?

பதிவு 1 | சிவாஜிநகர்_செல்வி

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர் கண்டோன்மெண்டில், அதாவது ஆங்கிலேயர் படைமுகாம் அமைத்த பக்கத்தில், இருக்கிற சிவாஜிநகர், அல்சூர் பகுதிகளைப் பற்றி 12 பலகை கொண்ட ஒரு படக்காட்சி தயாராகுது. கையில் இருக்கிறது மூணு சமாச்சாரம்.

முதலாவது ஓர் அஞ்சலட்டை. கடைத்தெரு, இரண்டு மாட்டுவண்டி, ஒரு ஜட்கா, வலது பக்கம் தூரத்தில் கூரான கோபுரம். இடது ஓரத்தில் கண்ணாடிக் கூண்டு வைத்த விளக்குக் கம்பம். அடியில் 'பஜார் ஸ்ட்ரீட், பெங்களூர்' என்று ஆங்கிலத்தில் அச்சு. பின்பக்கம் நடுவில் கோடு, எட்வர்டு மன்னர் தலை போட்ட தபால்தலை, முத்திரையில் 1910 மட்டும் படிக்க முடியுது. யாரோ பென்சிலில் '1880' என்று எழுதியிருக்காங்க. வெளியிட்டவர் ஹிக்கின்பாதம்ஸ், மெட்ராஸ் அண்ட் பெங்களூர்.

இரண்டாவது, சர்வே ஆஃப் இந்தியாவின் ஓரங்குல வரைபடத் தாளின் ஸ்கேன், கூடவே பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்த ஊர்ப்படம். அதில் பிளாக்பள்ளி (சிவாஜிநகரின் பழைய பேர்) முழுக்கக் கருப்பாகத் தீட்டின ஒரே கட்டமா இருக்கு. சந்து ஒன்றுகூட இல்லை.

மூணாவது ஒரு கிரயப் பத்திரத்தின் நகல். தமிழ். 'விளம்பி வருஷம் தை மாதம்', ஆங்கிலத் தேதி 1899 ஜனவரி. விளம்பி என்றால் 1898 என்று பட்டியல் சொல்லுது. தேதி உதைக்குதே, பத்திரம் போலியா?

மூணும் ஒரே தெருவா, எந்த ஆண்டு என்று பலகையில் எழுதலாம்?

---

பதிவு 2 | பழையபடம்

அட்டையில் இருந்து தொடங்குவோம். பென்சில் எழுத்தை முதல்ல ஓரம் கட்டுங்க. பழைய பொருள் விற்கிறவங்க விலை ஏறட்டும்னு ஆண்டைப் பின்னுக்குத் தள்ளி எழுதறது சகஜம்.

ஓர் அட்டைக்குக் குறைஞ்சது மூணு தேதி உண்டு: படம் பிடிச்ச நாள், அட்டை அச்சான நாள், தபாலில் போன நாள். முத்திரை மூணாவதை மட்டும்தான் சொல்லும். பின்பக்கத்தை நடுவில் கோடு போட்டு, ஒரு பாதி சேதிக்கு மறுபாதி விலாசத்துக்குனு பிரிக்கிற வழக்கம் பிரிட்டனில் 1902-லும் ஜெர்மனியில் 1905-லும் வந்தது. இந்திய ஊர்ப் படங்கள் நிறைய ஜெர்மனியில்தான் அச்சாச்சு. அதனால 'சாக்ஸனி' அல்லது 'ஜெர்மனி' என்று பொடி எழுத்து இருக்கானு பாருங்க. இருந்தா பெரும்பாலும் 1914 போருக்கு முந்தின அச்சு. ஹிக்கின்பாதம்ஸின் பெங்களூர்க் கடை 1905-ல் வந்தது. முகவரியில் இரண்டு ஊர் பேரும் இருக்கிறதால அட்டை 1905-க்கு அப்புறம் அச்சானது.

எட்வர்டு 1910 மே மாதம் இறந்துட்டார். ஆனா ஜார்ஜ் மன்னர் தலை போட்ட தபால்தலை 1911 கடைசியில்தான் புழக்கத்துக்கு வந்தது. அதனால 1910 முத்திரையில் எட்வர்டு தலை இருக்கிறதில் குழப்பமே இல்லை.

ஆக, அட்டை அச்சானது 1905-க்கும் 1910-க்கும் நடுவில். படம் அதற்கு முந்தியும் இருக்கலாம். கண்ணாடி நெகட்டிவ் அப்போ காசு போட்டு வாங்கின சரக்கு. ஒரே நெகட்டிவைப் பதினஞ்சு இருபது வருஷம் விடாம அச்சுப் போட்டாங்க. 'அட்டை 1910, அதனால் படம் 1910' என்று எழுதறது இணையத்தில் அதிகமா நடக்கிற தப்பு.

படத்துக்குள்ள வாங்க. கூர்க்கோபுரம் பிளாக்பள்ளி மாதா கோயில், அதாவது இப்போதைய செயின்ட் மேரீஸ் பசிலிக்காவாக இருந்தா, நம்ம கையில் திடமான கீழ் எல்லை சிக்கியாச்சு. அந்த காத்திக் கட்டடம் 1875-ல் தொடங்கி 1882 செப்டம்பர் 8-ம் தேதி அர்ச்சிக்கப்பட்டது. சாரம் இல்லாம முழுக்கோபுரம் தெரிஞ்சா 1882-க்கு முந்தி இருக்க வழியில்லை. பென்சில் 1880 அங்கேயே அடிபட்டுப் போகுது.

விளக்குக் கம்பத்தைக் கவனிங்க. கண்ணாடிக் கூண்டு என்றால் உள்ளே மண்ணெண்ணெய் விளக்கு. பேட்டைப் பக்கம் (கண்டோன்மெண்டுக்கு வெளியே இருந்த பழைய ஊர்) மின்விளக்கு 1905 ஆகஸ்ட் 5-ல் எரிஞ்சது, கண்டோன்மெண்டுக்கு அதுக்கப்புறம்தான். மின்கம்பி இல்லாததை வைத்து மட்டும் முடிவு கட்டாதீங்க, பிரதான சாலைக்கு வந்த கம்பி சந்துக்கு வரப் பல வருஷம் ஆகும். அதே மாதிரி, கம்பத்தில் குறுக்குச் சட்டமும் வெள்ளைப் பீங்கானும் இருந்தாலே மின்சாரம்னு நினைக்காதீங்க. தந்திக் கம்பி அதற்கு வெகு முன்னாடியே வந்துட்டது.

இன்னொரு சோதனை: தெருவில் டிராம் தண்டவாளம் தெரியுதா? தெரிஞ்சா அது பெங்களூரே இல்லை. இந்த ஊரில் டிராம் ஓடினதே கிடையாது. மெட்ராஸ் படத்துக்குப் பெங்களூர்ப் பேர் வைத்த அட்டைகளை இந்த ஒரு விஷயத்திலேயே பிடிச்சிடலாம்.

---

பதிவு 3 | ஜட்கா_ஸ்டாண்ட்

பழையபடம் சார், படத்தில் ஆள் நடமாட்டமே கம்மியா இருக்கே. 1898 பிளேக் சமயமா இருக்காதா? ஊரைக் காலி பண்ணிட்டுப் போனாங்களே. பலகைக்கும் நல்ல கதை.

---

பதிவு 4 | பழையபடம்

நல்ல கதைங்கிறதாலேயே சந்தேகப்படணும் தம்பி.

தெரு காலியா தெரியறதுக்கு இரண்டு சாதாரணக் காரணம் உண்டு. ஒன்று, விடிகாலை வெளிச்சம். இன்னொன்று, மெதுவான தகடு. நடக்கிற ஆள் பதியவே மாட்டான், இல்லைன்னா புகை மாதிரி ஓர் இழுப்பாப் பதிவான். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் பாருங்க. ஆரம் தெளிவா இருந்தா வண்டி நிற்குது; கலங்கி இருந்தா நகருது, தகடு மெதுவானது. தரையில் தலையும் உடம்பும் இல்லாம இரண்டு பாதம் மட்டும் தெரிஞ்சா அங்கே ஆள் இருந்திருக்கான்.

நிழலையும் பாருங்க. இங்கே ஒரு வில்லங்கம். வெளிநாட்டுக் கையேடுகளில் 'நண்பகல் நிழல் வடக்கே விழும்' என்று இருக்கும். பெங்களூர் 13 பாகை அட்சரேகையில் இருக்கு. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூணாம் வாரத்திலும் சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேர் மேலே. அந்த இரண்டுக்கும் நடுவில் நண்பகல் நிழல் தெற்கே விழும். மாசம் தெரியாம நிழலை வைத்துத் திசை சொன்னா தெருவே தலைகீழாயிடும். காலை, மாலை நீண்ட நிழலா இருந்தால் கிழக்கு மேற்கை மட்டும் நம்பிச் சொல்லலாம்.

திசைக்கு முன்னாடி, படம் இடவலம் மாறியிருக்கானு பாருங்க. கண்ணாடித் தகட்டைத் திருப்பி வைத்து அச்சுப் போட்டா மொத்தத் தெருவும் கண்ணாடி பிம்பமாயிடும். கடைப் பலகையில் ஓர் எழுத்து தெரிஞ்சாலே போதும். இணையத்தில் கிடைக்கிற நகலில் யாராவது வேணும்னே திருப்பியிருக்கவும் கூடும், அசல் அட்டையில் பாருங்க.

---

பதிவு 5 | கட்டம்57

வரைபடத்துக்கு வர்றேன். செல்வி, உங்க ஸ்கேன் எந்தத் தாள்? பெங்களூர் இரண்டு தாளில் பிளந்து கிடக்கு. 13 பாகை வடக்கு ரேகைக்கு மேலே 57 ஜி/12, கீழே 57 எச்/9. அந்த ரேகை ஃபிரேசர் டவுன் பக்கமாப் போகுது. சிவாஜிநகர், அல்சூர், எம்ஜி ரோடு எல்லாம் எச்/9-ன் மேல் விளிம்பை ஒட்டி வரும். ஜி/12-ஐ மட்டும் இறக்கிட்டு 'கண்டோன்மெண்டைக் காணோம்' என்பவர்கள் நிறைய.

இப்போ கணக்கு. ஓரங்குலத் தாள் என்றால் ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், 1:63,360. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். மூணு மீட்டர் அகலச் சந்து தாளில் 0.05 மில்லிமீட்டர், வரைஞ்ச பேனாக் கோட்டைவிட மெல்லிசு. அந்தத் தாளில் மீனாட்சி கோவில் தெருவைத் தேடறது வீண் வேலை. அது ஏரி, ரயில்பாதை, பெரிய சாலை, ஊர் எல்லை பார்க்க. நகரப் படம் மைலுக்கு நாலு அங்குல அளவில் இருந்தா மில்லிமீட்டருக்கு 16 மீட்டர் வரும். அதில் தெரு தெரியணும். தெரியலைன்னா வரைஞ்சவர் வேணும்னே விட்டிருக்கார்.

கண்டோன்மெண்ட் படங்களை இப்படித்தான் படிக்கணும். 1809-ல் படைமுகாம் அமைஞ்சதில் இருந்து அந்தப் படங்கள் ராணுவத்துக்காக வரைஞ்சவை. பாரக்ஸ், அணிவகுப்புத் திடல், பங்களா, சர்ச், கல்லறைத் தோட்டம் எல்லாம் ஒண்ணொண்ணா இருக்கும். படைக்குச் சோறு, துணி, தையல், வண்டி கொடுத்த நம்ம ஆட்கள் இருந்த பஜார் ஒரே தீட்டல். 1791-ல் ஆங்கிலேயர் பெங்களூரை முற்றுகையிட்டப்போ வரைஞ்ச படங்களும் அப்படியே: பீரங்கி எங்கே நின்னது, மதிலில் எங்கே உடைப்பு என்பது அடி கணக்கா இருக்கும், பேட்டைக்குள்ள தெரு எல்லாம் ஒப்புக்கு.

க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் பழைய தாளை இன்றைய படத்தின் மேலே பொருத்தற வழி:

தாளை 300 முதல் 400 டிபிஐ-யில் ஸ்கேன் எடுங்க. துணி ஒட்டின மடிப்புத் தாளா இருந்தா மடிப்புக்கு மடிப்பு ஒண்ணு இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும், ஓரங்குலத் தாளில் அது நூறு மீட்டர் பிழை. துண்டு துண்டா வெட்டித் தனித்தனியாப் பொருத்துங்க. மென்பொருள் கேட்கிற ப்ரொஜெக்‌ஷனுக்கு (உருண்டைப் பூமியைத் தட்டையா விரிக்கிற முறை) யூடிஎம் 43 வடக்கு, குறியெண் 32643.

கட்டுப்பாட்டுப் புள்ளி (பழைய தாளிலும் இன்றைய படத்திலும் ஒரே இடம்னு உறுதியாத் தெரியற புள்ளி) எட்டுப் பத்து எடுங்க, மூலை நாலும் நடுவும் பரவலா. நம்பகமானவை: அல்சூர் சோமேஸ்வரர் கோயில், டிரினிட்டி சர்ச், மேயோ ஹால், பசிலிக்கா கோபுரம், அட்டார கச்சேரி (இப்போதைய உயர்நீதிமன்றம்), கண்டோன்மெண்ட் ஸ்டேஷன் கட்டடம். செயின்ட் மார்க்ஸ் 1923-ல் எரிஞ்சு 1927-ல் திரும்ப எழுந்தது, இடம் அதேதான், ஆனா பழைய படத்தில் மூலையைக் குறிக்காம நடுவைக் குறிங்க. ஏரிக்கரையைப் புள்ளியா வைக்கவே வைக்காதீங்க. அல்சூர் ஏரியின் கரை நகர்ந்தாச்சு. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியமாச்சு, தர்மாம்புதி மெஜஸ்டிக் பஸ் நிலையமாச்சு, சூளை ஏரி ஃபுட்பால் மைதானமாச்சு.

சர்வே பண்ணி வரைஞ்ச தாளுக்கு முதல்படி பாலினோமியல் (தாளை வளைக்காம நகர்த்தி, திருப்பி, நீட்டிப் பொருத்தற முறை) போதும். மூணு புள்ளியிலேயே ஓடும், ஆனா மூணு புள்ளி வைத்தால் பிழை பூஜ்யம்னு காட்டி ஏமாத்தும். கையால் வரைஞ்ச 1791 மாதிரிப் படத்துக்கு மட்டும் தின் பிளேட் ஸ்ப்ளைன் (புள்ளிகளுக்கு ஏத்தபடி தாளையே வளைக்கிற முறை). அதை நல்ல தாளுக்குப் போட்டா புள்ளிகள் எல்லாம் கச்சிதமா உட்கார்ந்து, நடுவில் இருக்கிற தெரு ரப்பர் மாதிரி வளையும்.

300 டிபிஐ ஓரங்குலத் தாளில் ஒரு பிக்சல் சுமார் 5 மீட்டர். சராசரிப் பிழை 5 பிக்சல் என்று வந்தா தரையில் 27 மீட்டர். பத்துக்கு மேலே போனா ஏதோ ஒரு புள்ளி தப்பு. அதிகமா இழுக்கிற ஒண்ணை எடுத்துட்டுப் பாருங்க.

---

பதிவு 6 | ரிச்சர்ட்ஸ்டவுன்_ராஜி

கட்டம்57 அண்ணே, ஒரு சின்னக் கேள்வி. தாளின் ஓரத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை அச்சிருக்கே. அதையே புள்ளியா வைத்தா நாலு மூலையும் நொடியில் முடிஞ்சிடுமே?

---

பதிவு 7 | கட்டம்57

முடியும், ஆனா இரண்டு பொறி இருக்கு ராஜி.

தாளில் உள்ள ரேகை எவரெஸ்ட் கோள அளவில், அதாவது பூமியின் வடிவத்துக்கு அப்போ வைத்திருந்த பழைய கணக்கில், கட்டினது. அதை அப்படியே இன்றைய ஜிபிஎஸ் அளவா (டபிள்யூஜிஎஸ் 84) நினைத்துப் போட்டா, பெங்களூரில் எல்லாம் ஏறத்தாழ 200 மீட்டர் தள்ளி உட்காரும். கமர்ஷியல் தெரு பக்கத்துத் தெருவாயிடும். ரேகையை வைத்தா எவரெஸ்ட் அளவில் பொருத்திட்டு அப்புறம் மாத்தணும். கட்டடங்களைப் புள்ளியா வைத்தா இந்தத் தலைவலியே இல்லை.

இரண்டாவது பெரிசு. இந்தியத் தீர்க்கரேகை மெட்ராஸ் வானாய்வகத்தை வைத்துக் கணக்கிட்டது. அந்தப் பழைய மதிப்பு சுமார் இரண்டரை நிமிடம் கிழக்கே அதிகம். 1905-ல் திருத்தினாங்க. அதுக்கு முந்தின தாளில் ஊரே நாலரை கிலோமீட்டர் கிழக்கே போய் நிற்கும். தாளின் அடி ஓரத்தில் 'தீர்க்கரேகையில் இவ்வளவு கழிக்கவும்' என்று பொடி எழுத்தில் குறிப்பு இருக்கும், அதைப் படிச்சுட்டு மேலே போங்க. விளிம்பை வெட்டிட்டு ஸ்கேன் போடறவங்களைச் சொல்லணும்.

---

பதிவு 8 | நான்கெல்லை

பத்திரத்துக்கு என் பங்கு. தேதி உதைக்கவே இல்லை செல்வி. தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்குது. விளம்பி 1898 ஏப்ரலில் தொடங்கி 1899 ஏப்ரல் வரை ஓடினது. தை மாதம் அதன் பின்பகுதி, அதாவது 1899 ஜனவரி நடுவில் இருந்து பிப்ரவரி நடு வரை. ஆக உங்க ஆங்கிலத் தேதி ஜனவரி நடுவிலோ அதற்குப் பின்னோ விழணும். ஜனவரி முதல் வாரத் தேதியோடு தை என்று இருந்தாதான் கேள்வி எழுப்பணும். அறுபது வருஷச் சுற்று என்பதால் 1838, 1958-ம் விளம்பிதான்; எந்தச் சுற்று என்பதை முத்திரைத்தாள் சொல்லிடும். விக்டோரியா தலை என்றால் சரி. 1901-க்கு அப்புறமும் பழைய சரக்குத் தாள் கொஞ்சநாள் ஓடியிருக்கும், அதனால் தலையை மட்டும் வைத்து ஆண்டை நிறுத்தாதீங்க.

தாளின் பின்பக்கம் நகல் எடுத்தீங்களா? அங்கேதான் முத்திரைத்தாள் விற்றவரின் வரிசை எண், விற்ற தேதி, வாங்கினவர் பேர் இருக்கும். தாள் வாங்கின தேதி பத்திரத் தேதிக்கு முந்தியோ அதே நாளோ இருக்கணும். பிந்தியிருந்தா அப்போ போலிப் பேச்சைத் தொடங்கலாம்.

எண்களைப் படிக்கிறப்போ கவனம். பழைய எழுத்தர்கள் ௲௮௱௯௰௮ என்று எழுதுவாங்க: ஆயிரம், எட்டு நூறு, ஒன்பது பத்து, எட்டு. 1898. அதே எழுத்தர் அடுத்த பக்கத்தில் ௧௮௯௮ என்று வெறும் இலக்கமா எழுதுவார். ௮ என்பதை 'அ' என்றும், ௧ என்பதை 'க' என்றும், ௰ என்பதை 'ய' என்றும் படிச்சு அது ஏதோ சுருக்கெழுத்துன்னு விட்டுடறாங்க. நகலில் மை வெளிறி இருந்தா ௭, எ இரண்டும் ஒண்ணாத்தான் தெரியும். தொகை எழுத்தாலும் எழுதியிருப்பாங்க, இரண்டையும் ஒப்பிடுங்க.

இடம் குறிக்க உங்க கையில் இருக்கிற பெரிய சொத்து நான்கெல்லைப் பகுதி. 'கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி, வடக்கே இன்னார் வீடு, தெற்கே சர்க்கார் வீதி' என்று வரும். ஒரே பத்திரத்தால் ஒண்ணும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரர் பேரைப் பிடிச்சு அவருடைய பத்திரத்தை எடுங்க, அதில் உங்காளு பேர் எல்லையா வரும். அப்படி ஆறேழு மனையைக் கோத்தா, எங்காவது ஒண்ணு கோயில் மதிலையோ சர்க்கார் வீதி முனையையோ தொடும். அங்கே இருந்து அளவை எண்ணிக்கிட்டே திரும்பி வாங்க. தர்மராஜா கோவில் தெரு, மீனாட்சி கோவில் தெரு, நாராயண பிள்ளை தெரு, வீரப் பிள்ளை தெரு எல்லாம் இன்றைக்கும் அதே பேரில் இருக்கிறது நமக்கு வசதி.

கடைசிப் பக்கத்தில் பதிவுக் குறிப்பு இருக்கும்: 1 புத்தகம், வால்யூம், பக்கம், எண். அசையாச் சொத்து எல்லாம் 1 புத்தகத்தில்தான். அந்த எண் இருந்தா சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்கலாம். எண் இல்லைன்னா பேர் அட்டவணை, சொத்து அட்டவணை என்று இரண்டு இருக்கு, அதில் தேடச் சொல்லி மனு போடணும். காவேரி இணையதளத்தில் தேடி நேரத்தை வீணாக்காதீங்க, அதில் 2004-ல் இருந்துதான் வில்லங்கம் கிடைக்கும்.

---

பதிவு 9 | ஜட்கா_ஸ்டாண்ட்

1899 ஜனவரி என்றால் பிளேக் நடுவில் கைமாறின வீடு. இதையாவது பலகையில் போடலாமா?

---

பதிவு 10 | நான்கெல்லை

தேதியைப் போடுங்க. காரணத்தைப் போடாதீங்க. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்கு நோய் வந்தது உண்மை. ஜனத்தொகையும் சொல்லுது: பேட்டையும் கண்டோன்மெண்டும் சேர்த்து 1891-ல் 1,80,366, 1901-ல் 1,59,046, அதில் கண்டோன்மெண்ட் பக்கம் 89,599. ஆனா அந்த வீடு நோயால்தான் விற்கப்பட்டதுன்னு பத்திரத்தில் ஒரு வரி இருந்தா ஒழிய நாம சொல்ல முடியாது. 'முன்கடன் தீர்க்கும் பொருட்டு' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். 1891 எண்ணிக்கையையும் 1901-ஐயும் பக்கத்தில் வைங்க, பார்க்கிறவங்க புரிஞ்சுப்பாங்க.

---

பதிவு 11 | தொம்மலூர்க்காரன்

ஒரு பலகையில் 'கண்டோன்மெண்டோடு தமிழர் வந்தனர், 1809' என்று போடப் போறீங்கன்னா நிறுத்துங்க. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் 13-ம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கு, போசள ராமநாதன் காலம். லூயிஸ் ரைஸ் 1905-ல் வெளியிட்ட எபிகிராபியா கர்னாட்டிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் 9-ம் தொகுதியில் பெங்களூர் வட்டத்துக்குக் கீழே பார்க்கலாம்.

---

பதிவு 12 | ஏடும்_எழுத்தும்

தொம்மலூராரே, கல்வெட்டைப் போடட்டும், ஆனா தனிப் பலகையில். 13-ம் நூற்றாண்டில் கோயிலுக்குக் கொடை எழுதினவங்களும் 19-ம் நூற்றாண்டில் மெட்ராஸ் படையோடு வந்து பஜார் போட்டவங்களும் ஒரே குடும்பத் தொடர்ச்சி என்று காட்ட ஆதாரம் கிடையாது. இரண்டையும் ஓர் அம்புக்குறியால் இணைச்சா கன்னட நண்பர் யாராவது கேள்வி கேட்பார், பதில் சொல்ல ஆள் இருக்காது. கல்வெட்டின் நிலையைப் பார்க்கணும்னா மிதிக் சொசைட்டியின் முப்பரிமாணப் பதிவுத் திட்டத்தைத் தேடுங்க. தேய்ஞ்ச எழுத்துக்கு மாவு பூசிப் படம் எடுக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுடுங்க, கல் கெடும்.

ஆவணம் எங்கே இருக்கு என்பதைச் சொல்லிடறேன். பெங்களூர் ஒரே ஊர் மாதிரி தெரிஞ்சாலும் கோப்புக் கணக்கில் இரண்டு ஊர். 1862-லேயே பேட்டைக்கு ஒன்று, கண்டோன்மெண்டுக்கு ஒன்று என்று இரண்டு நகராட்சி. 1881-ல் மைசூர் மன்னரிடம் நாடு திரும்பினப்போ கண்டோன்மெண்ட் 'சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்' என்ற பேரில் ரெசிடெண்டிடமே (மைசூரில் இருந்த ஆங்கிலேய அரசின் பிரதிநிதி) தங்கிட்டது. 1947 ஜூலை 26-ல்தான் திரும்பியது. 1949-ல் ஒரே மாநகராட்சி. இதைப் பிடிச்சுக்கிட்டா தேடற இடம் தானா விளங்கும்.

1831 முதல் 1881 வரை, ஆங்கிலேயக் கமிஷனர்கள் மைசூரை நிர்வகித்த கமிஷன் காலக் கோப்புகளுக்குக் கர்நாடக மாநில ஆவணக் காப்பகம். 1881-க்கு அப்புறம் ஸ்டேஷன் சம்பந்தமான ரெசிடென்சிக் கோப்புக்கு டெல்லியில் தேசிய ஆவணக் காப்பகம். அதன் அபிலேக் படல் இணையதளத்தில் பதிவு செய்துட்டு வீட்டில் இருந்தே தேடலாம். படை சம்பந்தப்பட்டது, அதாவது பஜார் இடத்தை எந்த ரெஜிமெண்ட் அளந்து கொடுத்தது மாதிரி விஷயம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்து ராணுவத் துறைத் தொகுதிகளில் இருக்கும்.

மைசூர் விவகாரம் வெளியுறவுத் துறைக்குக் கீழே வந்தது, அதனால ஃபாரின் டிபார்ட்மெண்ட், இன்டர்னல் கிளை. கோப்புக்கு ஏ, பி என்று தரம் உண்டு. ஏ முக்கியமானது, அச்சிட்டது. பி பெரும்பாலும் கையெழுத்து, வாய்க்கால், கசாப்புக்கடை, சந்து அகலம் மாதிரி சில்லறைச் சமாச்சாரம். நம்ம வேலைக்கு பி-தான் புதையல். 'கேடபிள்யூ' என்று குறிச்ச இணைப்பை விட்டுடாதீங்க, அதிகாரிகள் ஒருத்தருக்கொருத்தர் மனம் திறந்து எழுதின குறிப்பு அங்கேதான் இருக்கும்.

தேடும்போது எழுத்துக்கூட்டல் பாடாப் படுத்தும். அல்சூரை ஆங்கிலத்தில் யூ, எச், ஏ மூணு எழுத்தில் தொடங்கியும் தேடணும். பிளாக்பள்ளிக்குக் கடைசியில் 'பள்ளி', 'புல்லி' இரண்டும். இன்றைய பேரைப் போட்டா ஒண்ணும் கிடைக்காது: எம்ஜி ரோட்டுக்கு சவுத் பரேட், காமராஜ் ரோட்டுக்கு கேவல்ரி ரோடு, கஸ்தூர்பா ரோட்டுக்கு சிட்னி ரோடு, விட்டல் மல்லையா ரோட்டுக்கு கிராண்ட் ரோடு. சவுத் பரேட் பேர் மாறினது 1948 பிப்ரவரி 26. அந்தத் தேதி படத் தலைப்புகளை எடைபோடவும் உதவும்.

கடைக்காரர் பேரைப் பிடிக்க தாக்கர்ஸ் டைரக்டரி, அசைலம் பிரஸ் அல்மனாக் என்ற இரண்டு பழைய ஆண்டு விலாசப் புத்தகமும் நல்லது. ஒரு கடை எந்த ஆண்டுப் பதிப்பில் முதலில் வருது, எதில் காணாமப் போகுதுன்னு பார்த்தா அட்டைக்கு ஆண்டு சுருங்கும். ஆனா அவை வெள்ளைக்காரக் கடைகளுக்கும் பெரிய வியாபாரிகளுக்கும் பக்கம் ஒதுக்கினவை. பஜாரில் நெய் விற்றவர் அதில் வர மாட்டார். அவருக்குக் கோயில் நன்கொடைக் கல், சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு, வரிப் பதிவேடு. சர்ச் பதிவேடு லத்தீனில் இருக்கும், பேரும் லத்தீன் வால் ஒட்டி வரும். ஊர், தொழில் பத்தியைப் பாருங்க.

---

பதிவு 13 | சிவாஜிநகர்_செல்வி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. லென்ஸில் பார்த்தாச்சு: கடைப் பலகையில் 'அண்ட் கோ' நேராத் தெரியுது, படம் திரும்பலை. சக்கர ஆரம் தெளிவு. நிழல் நீளம், படத்தின் இடது பக்கமா விழுது. பின்பக்கம் பொடி எழுத்தில் 'சாக்ஸனி' இருக்கு. இது கமர்ஷியல் தெருதானா? எந்த டிபிஐ-யில் ஸ்கேன் எடுக்கணும்?

---

பதிவு 14 | பழையபடம்

பசிலிக்கா கமர்ஷியல் தெருவுக்கு மேற்கே இருக்கு. அந்தத் தெருவில் நின்னு மேற்கே பார்த்தா கோபுரம் எதிரிலோ கொஞ்சம் வலப்பக்கமோ வரணும். வடக்கே பார்க்கிற தெருவா இருந்தா இடப்பக்கம் வரும். உங்க படத்தில் வலப்பக்கம், அது மேற்கே பார்க்கிற தெருவுக்கு ஒத்துவருது. ஆனா அப்படிப் பார்க்கிற தெரு அந்தப் பக்கம் ஒண்ணு இரண்டு இல்லை. மேற்கே பார்த்து நின்னா இடப்பக்கம் தெற்கு. நிழல் நேர் தெற்கே நீளமா விழாது, ஏன்னா இங்கே சூரியன் வடக்கே அவ்வளவு சாயறதில்லை. அதனால நிழல் இடப்பக்கம் போனாலும் முன்னாலயோ பின்னாலயோ சாய்ஞ்சிருக்கணும். கேமராவுக்கு எதிர்ப்பக்கமாச் சாய்ஞ்சா காலை, கேமராவை நோக்கி வந்தா மாலை. நேர் பக்கவாட்டில் நீளமா விழுந்தா தெரு மேற்கே பார்க்கலை. அதை அளந்து சொல்லுங்க.

ஸ்கேனுக்கு: அட்டை அச்சுப்புள்ளி உள்ளதா இருந்தா 1200, நிஜப் புகைப்படமா இருந்தா 600. கருப்பு வெள்ளையா இருந்தாலும் வண்ணத்தில் எடுங்க, கறையும் மையும் பிரிச்சுத் தெரியும். டிஃப் கோப்பா வைங்க; பின்பக்கத்தையும் எடுங்க. தானா கூர்மையாக்கற வசதி, தூசி நீக்கற வசதி இரண்டையும் அணைங்க, தந்திக் கம்பியைக் கீறல்னு நினைச்சு அழிச்சிடும். அசலை பிவிசி உறையில் போடாதீங்க, மழைக்காலத்தில் ஒட்டிக்கும். பாலியஸ்டர் உறை. லேமினேஷன் பேச்சே வேண்டாம்.

---

பதிவு 15 | கட்டம்57

நகரப் படத்தைப் பொருத்தினதும் பசிலிக்கா புள்ளியில் இருந்து ஒரு கோடு இழுங்க. படத்தில் கோபுர உயரம் எத்தனை பிக்சல், பக்கத்துக் கடை வாசற்கதவு எத்தனை பிக்சல்னு எண்ணினா தூரத்துக்குத் தோராயமா ஒரு வரம்பு வரும். அந்த வரம்புக்குள்ள மேற்கே பார்க்கிற தெரு எவைன்னு பாருங்க. ஒண்ணுக்கு மேலே மிஞ்சினா அத்தனை பேரையும் எழுதுங்க.

---

பதிவு 16 | நான்கெல்லை

பலகை வாசகத்துக்கு என் யோசனை: 'கண்டோன்மெண்ட் பஜார்த் தெரு. படம் 1882-க்குப் பின், 1910-க்கு முன். அட்டை அச்சு 1905–1910. வலப்பக்கம் தெரியும் கோபுரம் மாதா கோயில் எனக் கருதப்படுகிறது.' பத்திரத்தைத் தனியா வைங்க, இரண்டும் ஒரே தெரு என்று இப்போதைக்குச் சொல்ல ஏதுமில்லை. பத்திரத்தின் தெற்கு எல்லையில் என்ன வீதின்னு இருக்கு? அந்த வரியை மட்டும் படம் எடுத்து இங்கே போடுங்க, பேர்களை மறைச்சுட்டு.